திருவிழாக் குளிசையும் பள்ளிக்கூடத்து ஊசியும்

நான் உயிரியல் படிப்பிக்கிறவன். நல்லூரில் ஒரு ஒழுங்கைக்குள் தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டரியில், தகரக் கூரையின் வெக்கைக்குக் கீழே, பெண்ணின் இனப்பெருக்கத் தொகுதியை வருடா வருடம் வெண்பலகையில் கீறி வருகிறேன். நான் கருப்பையைக் கீறத் தொடங்கியதும் பெடியன்கள் பக்கம் ஒரு செருமல் எழும். பெட்டைகள் பக்கம் எல்லாத் தலையும் கொப்பிக்குள் கவிழும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் குரலை உயர்த்துவேன். "கருப்பைக் கழுத்து" என்று ஒழுங்கையில் சைக்கிளில் போகிறவனுக்கும் கேட்கச் சொல்லுவேன். சோதினையில் வருகிற சொல்லுக்கு வெட்கப்பட்டால் புள்ளி கிடைக்காது என்பது என் கட்சி.

என் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. என் மனைவி செத்தது அந்தக் கழுத்தில் வந்த புற்றுநோயால். மரண அறிவித்தலில் "சுகவீனம் காரணமாக" என்று போட்டோம். செத்தவீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்கு வயிற்றில் கட்டி என்றோம். புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்கள் தெல்லிப்பழைக்குத்தான் போவார்கள் என்பது குடாநாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் உயிரோடு இருந்தபோதுகூட ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டு, "கிளினிக்குக்குப் போறம்" என்று மட்டும் சொல்லிப் போய்வந்தோம்.

இந்த ஏற்பாடு என் மச்சாளுடையது. மச்சாள் என்றால் என் மனைவியின் மூத்த சகோதரி. பக்கத்து வளவில் இருப்பவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை போன நாளிலிருந்து என் ஒரே மகளுக்குச் சோறு தீத்தியதும், தலை இழுத்துப் பின்னியதும், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்ததும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் நான் அந்தப் பிள்ளையை வளர்த்திருக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவரோடு நான் சண்டை பிடித்த கதையைச் சொல்லும்போது யாரும் அவரை வில்லியாக நினைத்துவிடக்கூடாது.

செத்தவீடு முடிந்த கையோடு அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "பொம்பிளைப் பிள்ளை இருக்கு தம்பி. நாளைக்கு ஒரு சம்மந்தம் பேசி வரேக்குள்ளை, தாய்க்கு உந்த இடத்திலை உந்த வருத்தம் எண்டு தெரிஞ்சால் ஆர் வருவினம்? வயித்திலை கட்டி. அவ்வளவுதான். பிள்ளைக்கும் அதையே சொல்லுங்கோ." மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கலியாணத்தைப் பற்றி அந்தக் கிணற்றடியில் நாங்கள் கவலைப்பட்டோம். எனக்கு மறுத்துப் பேசத் திராணி இருக்கவில்லை.

அவளுடைய வருத்தம், அதாவது நோய், எப்படிப் பிந்திப் பிடிபட்டது என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் பிழையை எங்கள் ஊர்ச் சனத்தால்தான் விட முடியும். நல்லூரில் திருவிழா என்றால் ஒருநாள் இரண்டுநாள் விசயம் இல்லை, கிட்டத்தட்ட ஒரு மாதம். கொடியேறினால் தேர், தீர்த்தம் வரை ஒருநாளும் விடாமல் போவேன் என்று நேர்ந்துகொள்ளும் பெண்கள் ஏராளம். நடுவில் மாதவிலக்கு வந்தால் கோயிலுக்குப் போக முடியாது, நேர்த்தி குழம்பிவிடும். அதற்காக அதைத் தள்ளிப்போடும் குளிசை ஒன்றைப் பாமசியில் வாங்கிப் போடுவார்கள். வைத்தியரைக் கேட்பதில்லை. பெண்கள் தங்களுக்குள் அதற்குத் திருவிழாக் குளிசை என்றே பெயர் வைத்திருந்தார்கள். என் மனைவியும் மச்சாளும் வருடா வருடம் அதைப் போட்டுக்கொண்டுதான் விடியற்காலைப் பூசைக்கு ஓடினார்கள்.

ஒரு வருடம் திருவிழா முடிந்த பிறகு அவளுக்கு நேரமில்லாத நேரத்தில் இரத்தம் பட்டது. அக்காவும் தங்கையும் கூடிக் கதைத்தார்கள். குளிசை செய்த வேலை, தானாகச் சரிவரும் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த மாதமும் பட்டது. கந்தசஷ்டி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். திருவெம்பாவை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். வருத்தம் முற்றி வைத்தியரிடம் போகும் வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கருப்பையைக் கீறிக் காட்டுகிறவனுக்கு, அவன் பெண்சாதி தன் கருப்பையைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டாள். நினைக்க நினைக்க எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அவள் மேல் இல்லை. அவளுக்கு அந்த வெட்கத்தைப் பழக்கிவிட்ட எல்லோர் மேலும்.

மகள் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். ஒருநாள் பெற்றோரை வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பகுதியினர் ஊசி போடப்போகிறார்கள், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி, விளக்கம் சொல்லித்தான் சம்மதம் வாங்குவார்கள் என்று. நான் அன்றைய வகுப்பை நிறுத்திவிட்டுப் போனேன். மண்டபம் முழுக்கத் தாய்மார். ஆம்பிளை நான் ஒருத்தன்தான்.

வாசலில் நின்ற ஆசிரியை தயங்கினார். "தாய்மாரைத்தான் வரச் சொன்னனாங்கள் சேர். கொஞ்சம் பொம்பிளையளின்ரை விசயம்."

"தாய் இல்லை ரீச்சர். நான்தான் இருக்கிறன். வேணுமெண்டால் கதவடியிலை நிண்டு கேக்கிறன்" என்றேன். அவர் முகம் கறுத்துப்போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் முன்வரிசையில் போய் இருந்தேன்.

நேர்ஸ் ஒருவர் விளக்கினார். நல்ல பொறுமைசாலி. இந்தப் புற்றுநோய் ஒருவகைக் கிருமியால் வருவது, அந்தக் கிருமி உடம்புக்குள் போக முதலே ஊசி போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயதில் போடுகிறோம், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று சொல்லி முடித்தார். கேள்வி கேட்கலாம் என்றதும் மண்டபம் தரையைப் பார்த்தது. என் வகுப்புப் பெட்டைகள் கொப்பிக்குள் கவிழ்வார்களே, அதே கவிழ்ப்பு.

கடைசியில் ஒரு தாய் எழும்பினார். "உதைப் போட்டால் பிறகு பிள்ளை தங்காதாமே? லண்டனிலை இருக்கிற தங்கச்சி ஒரு வீடியோ அனுப்பினவள்."

"அப்பிடி ஒண்டும் இல்லையம்மா" என்று நேர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் எழும்பினார். "அது எப்பிடி வாற கிருமி எண்டு எங்களுக்குத் தெரியும் மிஸ். பதினொரு வயசுப் பிள்ளைக்கு உந்த இடத்துக்கு ஏன் இப்ப ஊசி? எங்கடை பிள்ளையள் அப்பிடி வளந்த பிள்ளையளே?" பலர் தலையாட்டினார்கள்.

பின்னால் இருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. "எங்கடை சனத்தைக் குறைக்கத்தான் உதுகள் எல்லாம் எண்டும் கதைக்கினம்."

அதைக் கேட்டுச் சிரிக்க என்னால் முடியவில்லை. எங்கள் சனம் சந்தேகப்படப் பழகியது சும்மா இல்லை. பட்டுத்தான் பழகியது. ஆனால் சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளியவேண்டும், கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கக் கூடாது. நான் எழும்பி நேர்ஸைக் கேட்டேன். "காலியிலை, கண்டியிலை படிக்கிற சிங்களப் பிள்ளையளுக்கும் இதே ஊசிதானோ?"

"ஓம் சேர். நாடு முழுக்க இதே ஊசிதான். என்ரை மகளுக்கும் போட்டாச்சு" என்றார் அவர்.

நான் திரும்பித் தாய்மாரைப் பார்த்தேன். "நல்ல பிள்ளைக்கு வராது, கெட்ட பிள்ளைக்கு வரும் எண்டு இந்த வருத்தத்துக்குத் தெரியாது. ஒழுங்காக் கலியாணம் கட்டி, ஒருத்தனோடை இருந்து, கோயில் குளம் எண்டு வாழ்ந்த பொம்பிளைக்கும் வரும்" என்றேன். அடுத்த வசனம் தொண்டை வரை வந்தது: என் வீட்டில் வந்தது. ஆனால் சொல்லவில்லை. தாய் எதனால் செத்தாள் என்பது முதலில் என் மகளுக்குத் தெரியவேண்டிய விசயம். அவளுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அன்றைக்கே, அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மச்சாளைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

முதல் ஊசி போட்ட அன்று பின்னேரம் மகளே போய்ப் பெரியம்மாவிடம் கையைக் காட்டிவிட்டாள். மச்சாள் இரண்டு வளவுக்கும் நடுவேலியில் இருந்த பொட்டால் நுழைந்து வந்து என் முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை. "வளக்க மட்டும் நான். ஒரு சொல்லுக் கேக்கேல்லை என்ன?" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் என்னோடு கதையில்லை. மகளுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் நேரத்துக்கு வரும். என் பங்கும் அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தை என் கையில் மட்டும் தரமாட்டார். விறாந்தைக் குந்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அவருடைய பயம் எனக்கு ஒரு பக்கம்தான் விளங்கியது. பிள்ளையில்லாத பொம்பிளையை எங்கள் ஊர் என்னென்ன கதைக்கும் என்று அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கேட்டவர். "பிள்ளை தங்காதாம்" என்ற வதந்தி அவரை மற்றவர்களைவிட ஆழமாகக் குத்தும். மற்றப் பக்கம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது ஊசிக்குரிய காலம் நெருங்கியபோது மகள் பெரியபிள்ளையானாள். பள்ளிக்கூடத்தால் வந்தவள் என்னைக் கடந்து வேலிப் பொட்டால் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மச்சாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, மாதக்கணக்கில் கதைக்காததை மறந்து, "தம்பி, எங்கடை பிள்ளை பெரிசாகிட்டாள்" என்று சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல வேண்டியவள் இல்லையே என்று ஒரு கணம் நினைத்தேன்.

அதோடு முறைகள் தொடங்கின. முதல் தண்ணீர் வார்த்து மச்சாள் வீட்டு உள்ளறையில் இருத்தினார்கள். தனிப் பாய், தனிக் கோப்பை. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் நேரத்துக்கு நேரம். சடங்கு நடக்கும் வரை துடக்கு, அந்தத் தீட்டோடு வாசல் படலை தாண்டக்கூடாது. ஆம்பிளைகளின் முகத்தில் முழிக்கக்கூடாது, அப்பனாக இருந்தாலும். நான் கதவுக்கு வெளியே நின்று, "சாப்பிட்டியே குஞ்சு?" என்று கேட்பேன். உள்ளே இருந்து, "ஓம் அப்பா, முட்டை குடிக்க ஏலாமக் கிடக்கு" என்று சத்தம் வரும். நானும் சிரித்துவிட்டுப் போவேன். மச்சாளின் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அந்தச் சடங்குக்கு, சாமத்தியவீட்டுக்கு, மண்டபம் எடுத்தாயிற்று. சந்தியில் கட்டுவதற்கு மகளின் படம் போட்ட பெரிய பதாகை அடிக்கக் கொடுத்தாயிற்று. அப்போதுதான் வகுப்பாசிரியை வைபர் குழுவில் செய்தி போட்டார். அடுத்த நாள் காலை இரண்டாவது ஊசி.

மச்சாளிடம் போய்ச் சொன்னேன். "நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை ஊசி மச்சாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"உங்களுக்கென்ன விசரே தம்பி? பிள்ளை துடக்கோடை இருக்கு."

"போட்டவுடனை கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

"சடங்கு முடியட்டும். பிறகு ஆறுதலாப் போடுவம்."

நேர்ஸுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், பிந்தினாலும் பரவாயில்லை, பிறகு சுகாதாரப் பணிமனைக்குக் கூட்டிவந்தால் போட்டுவிடுகிறோம் என்றுதான் அவர் சொன்னார். மருத்துவப்படி அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் "பிறகு" என்ற சொல்லை நம்ப எனக்கு இனி ஏலாது. சஷ்டி முடிய, திருவெம்பாவை முடிய என்று அந்தச் சொல்லாலேயே எங்கள் வீட்டில் ஒருத்தியைப் பறிகொடுத்திருக்கிறோம். சடங்கு முடிய வெளிநாட்டுச் சொந்தக்காரர் நிற்பார்கள், அவர்கள் போகத் தவணைச் சோதினை வரும், அது முடியத் திருவிழா வரும். எங்கள் "பிறகு" எல்லாம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது அந்தப் பதாகைதான். பிள்ளை பெரியபிள்ளையானதைச் சந்தியில் படம் போட்டுக் கட்டுகிறோம். பூத்தேரில் ஏற்றி, வாண வேடிக்கை விட்டு, வீடியோ எடுத்து, உலகம் முழுக்க அனுப்புகிறோம். அதன் அர்த்தம் என்ன? இவளுக்குக் கருப்பை இருக்கிறது, அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதுதானே. அதை ஊருக்குப் பறைசாற்ற வெட்கமில்லை. அதைக் காப்பாற்ற ஒரு ஊசி போடத்தான் வெட்கம்.

காலையில் மோட்டார் சைக்கிளைப் படலையடியில் நிறுத்திவிட்டுப் போனேன். மச்சாள் உள்ளறை வாசலில் நின்றார். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்திருந்தார்.

"விடுங்கோ மச்சாள்."

"விடமாட்டன்."

"இவ்வளவு காலமும் நீங்கள் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினனான். இதுக்கு மாட்டன். என்ரை பிள்ளை."

"எனக்கும் பிள்ளைதான்" என்றவர் சட்டென்று உடைந்துபோனார். "நானும் ஒரு மருந்து வாங்கிக் குடுத்தனான் தம்பி. அந்தக் குளிசையைப் பாமசியிலை வாங்கினது நான். அவள் 'ஏலாது அக்கா, இந்த வருசம் விடுவம்' எண்டவள். நேர்த்தியைக் குழப்பாதை எண்டு நான்தான் கட்டாயப்படுத்திக் குடுத்தனான். என்ரை கையாலை குடுத்த மருந்துதான் அவளைத் திண்டது. இப்ப அவளின்ரை பிள்ளைக்கும் அதே இடத்துக்கு ஒரு மருந்தெண்டால் நான் எப்பிடி விடுவன்?"

இத்தனை வருடமாக அந்த மனுசி அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறார். ரியூட்டரியில் ஊரெல்லாம் படிப்பிக்கிறேன், பக்கத்து வளவில் ஒருத்தருக்கு ஒரு வசனம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சொல்லக்கூடாத சொல்லாயிற்றே, பிறகு எப்படி விளங்கப்படுத்துவது.

"மச்சாள், இங்கை பாருங்கோ" என்றேன். "அந்தக் குளிசை அவளைக் கொல்லேல்லை. இது கிருமியாலை வாற வருத்தம். கன வருசத்துக்கு முதலே உள்ளுக்கை போய் இருந்திருக்கும். கலியாணம் கட்டின ஆருக்கும் வரலாம். ஆம்பிளையிட்டை இருந்து வாறது. என்னட்டை இருந்துகூட வந்திருக்கலாம், ஆருக்குத் தெரியும்? நீங்கள் குடுத்த குளிசை ஒண்டும் செய்யேல்லை. ரத்தம் கண்டோடனை பழியைப் போட ஒரு சாட்டு, அவ்வளவுதான். அவளைச் சாகடிச்சது நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது."

அவர் நம்பினாரோ தெரியாது. பிறகு கை நிலையிலிருந்து தானாக இறங்கியது. உள்ளே இருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பா, நான் வெளிக்கிட்டிட்டன்."

அவள் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டு, தானே தலையைப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு பக்கப் பின்னல் கோணல். முழிக்கக்கூடாத அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். என் பிள்ளையின் முகம்தான். ஒரு கேடும் வரவில்லை.

படலை தாண்டும்போது மச்சாள் பின்னால் ஓடி வந்தார். கையில் ஒரு கொத்து வேப்பிலையும் ஒரு பாக்குவெட்டியும். துடக்கோடு வெளியே போகிறவளுக்குக் காத்துக் கறுப்பு அண்டாமல் இரும்பு வேண்டுமாம். மகளின் புத்தகப் பைக்குள் இரண்டையும் திணித்தார். எனக்கு வந்த எரிச்சலில் அதை எடுத்து வேலிக்குள் எறியப் போனேன். மகள் பையை இறுக்கிப் பிடித்தாள். "இருக்கட்டும் அப்பா. பெரியம்மாவுக்குப் பயம்" என்றாள்.

வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் போகும் குறுக்கு வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அவளுக்குச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள். ஆனாலும் நேரே முகத்தைப் பார்த்து ஒரு தரம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு வந்தது என்ன, எங்கே வந்தது, ஏன் மறைத்தோம் எல்லாம் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் இரைந்துகொண்டிருந்ததால் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள். "அம்மாவுக்கு ஏன் அப்பா ஊசி போடேல்லை?"

"அம்மா உன்ரை வயதிலை இருக்கேக்குள்ளை உப்பிடி ஒரு ஊசி உலகத்திலையே இல்லை குஞ்சு."

"இருந்திருந்தால்?"

"போட்டிருப்பம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மம்மாவும் பெரியம்மாவும் ஊரும் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியாது" என்றேன். அவள் பின்னால் ஏறி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

பள்ளிக்கூடத்தில் செய்தி எங்களுக்கு முதலே போயிருந்தது. ஒரு ஆசிரியை என்னை ஒதுக்கிக் கூப்பிட்டு, "துடக்கோடை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள் சேர், சரஸ்வதி படம் இருக்கிற மண்டபம்" என்றார்.

"அப்ப மண்டபத்துக்கு வெளியிலை வைச்சுப் போடட்டும் ரீச்சர். ஊசிக்குத் துடக்கில்லை" என்றேன். நேர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் கதிரையைத் தூக்கி வந்து விறாந்தையில் போட்டார். மகள் சட்டைக் கையை மடித்துக் கொடுத்தாள். கண்ணை மூடவில்லை. பைக்குள் இருந்து வேப்பிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் ஊசியைப் பார்க்க வந்த பெட்டைகள் சிலர், தங்கள் வீட்டில் கையெழுத்துப் போடவில்லை என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் பிள்ளையைக் கிணற்றடியில் வைத்து முழுக வார்த்தார். அதில் விட்டுக்கொடுக்கவில்லை. துவாயால் தலையைத் துடைத்துவிட்டு, "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். மகள் காட்டினாள். அந்தக் கை நோகாத பக்கமாக இருந்து உழுத்தங்களியைத் தீத்தினார்.

சாமத்தியவீட்டன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மகள் மேடையில் சேலையும் நகையுமாக, நெற்றிச்சுட்டி கண்ணுக்குள் விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு இருந்தாள். மச்சாள் பக்கத்தில் நின்று பூமாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நானும் ஒரு ஓரத்தில் நின்றேன். கனடாவிலிருந்து வந்த ஒரு மாமி, என் மனைவியின் தாய்மாமன் பெண்சாதி, பரிசுப் பெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு இறங்காமல் நின்று கேட்டார். "துடக்கோடை கொண்டுபோய் ஊசி போட்டியளாமே? நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் ஒண்டெண்டால் ஆர் பதில் சொல்லுறது?" கேட்டது என்னை. பார்த்தது மச்சாளை.

நான் வாயைத் திறந்தேன். இந்தக் கேள்விக்காகவே நாட்கணக்காகப் பதில் தயாரித்து வைத்திருந்தவன் நான். அதற்குள் மச்சாள் நிமிர்ந்தார்.

"ஓம் மாமி, போட்டது" என்றார். "ரண்டு ஊசியும் போட்டது. இவளின்ரை தாய் கர்ப்பப்பைக் கழுத்திலை வந்த புற்றுநோயாலை செத்தவள். வயித்திலை கட்டி எண்டு நான்தான் எல்லாருக்கும் பொய் சொன்னனான். உங்கடை பேத்தியளுக்குப் போட்டாச்சே?"

நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்க நிறுத்தியிருந்த நேரம். மாமி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு இறங்கினார். மகள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மச்சாள் மற்றக் கையால் பூமாலையைத் திரும்பவும் சரிசெய்தார்.

சில கிழமை கழித்து வீடியோக்காரர் தொலைபேசி எடுத்தார். நாங்கள் மூவரும் மச்சாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "சேர், மேடையிலை ஒரு இடத்திலை அந்த அம்மா என்னவோ வருத்தத்தைப் பற்றிக் கதைக்கிற சத்தம் தெளிவா விழுந்திருக்கு. வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புற வீடியோ. அந்த இடத்தை வெட்டிப்போட்டுப் பாட்டுப் போடட்டோ?"

நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மச்சாளிடம் கேட்டேன்.

அவர் மகளின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பைச் சோறு போட்டார். "வெட்டவேண்டாமெண்டு சொல்லுங்கோ தம்பி" என்றார். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடச் சொல்லுங்கோ."